பாஸ்வேர்டு சரிதான், மின்னஞ்சல் மட்டும் வரவில்லை

எங்கள் அலுவலகத்தில் ஒரு நாள் காலை பாதிக் கணினிகளுக்கு மின்னஞ்சல் வந்தது, மீதிப் பாதிக்கு வரவில்லை. இணைய இணைப்பு ஒன்றுதான், சர்வர் ஒன்றுதான், பல பேர் சேர்ந்து பார்க்கும் பொது முகவரியின் பாஸ்வேர்டும் ஒன்றுதான். புதிய கணினியில் திறந்தால் கடிதங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. பக்கத்து மேசையில் இருக்கும் பழைய கணினி சர்வரை எட்டவே முடியாமல் திணறுகிறது. இது சரியாவதற்குள் தேவையே இல்லாத ஒரு ரௌட்டருக்குப் பணம் கொடுத்தோம், பல ஆண்டுக் கடிதங்களைப் பறிகொடுத்தோம், வாரக்கணக்கில் எனக்குத் தூக்கம் போனது. காரணம் பிடிபட்ட பிறகு பெரும்பாலான வேலை ஒரே பிற்பகலில் முடிந்துவிட்டது. இதையெல்லாம் யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் இருந்த கணினிகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கணக்குப் பிரிவில் விண்டோஸ் 7. பில் போடும் மேசையில் விண்டோஸ் எக்ஸ்பி, அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் என்ற பழைய மின்னஞ்சல் மென்பொருள். வடிவமைப்பாளரிடம் வயதான ஒரு மேக். மற்றவர்களிடம் விண்டோஸ் 10. போதாததற்கு, தாளை ஸ்கேன் செய்து நேராக மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு நகலெடுப்பு இயந்திரம். எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கக் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பில் போடும் மென்பொருளை எழுதியவர் தொழிலையே விட்டுவிட்டார்; அது எக்ஸ்பியைத் தாண்டி எதிலும் ஓடாது; பழைய பாக்கி விவரம் முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது. பழைய கணினி வைத்திருக்கும் சிறிய அலுவலகங்கள் பலவற்றிலும் இப்படி ஒரு கதை இருக்கும். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

விண்டோஸ் 7 கணினிகளில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி திரும்பத் திரும்ப வந்தது. சரியாகத் தட்டச்சு செய்து சரி என்று அழுத்தினால் அடுத்த நொடி மறுபடியும் அதே பெட்டி. மின்னஞ்சல் சேவை தரும் நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். "பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் சார், சரியாகிவிடும்" என்றார் பேசியவர். மாற்றினோம். அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த புதிய கணினிகளும் சேர்ந்து நின்றுவிட்டன. சற்று நேரம் வரும், பிறகு போகும், திரும்ப வரும். அந்த மதியம் எனக்குக் கை நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை. மேசைக்கு மேசை "அண்ணா, இங்கேயும் போய்விட்டது" என்று குரல் வந்துகொண்டே இருந்தது, என்னிடம் பதில் இல்லை.

நடந்தது இதுதான். அலுவலகக் கணினிகள் அத்தனையும் ரௌட்டர் வழியாக வெளியே போகும்போது இணையத்தில் ஒரே எண் முகவரியாகத்தான் (ஐ.பி. முகவரி) தெரியும். தவறான பாஸ்வேர்டோடு அடிக்கடி கதவைத் தட்டும் முகவரியைச் சர்வர்கள் தாமாகவே தடுத்துவிடும். இதற்குப் பரவலாகப் பயன்படும் ஃபெயில்டுபேன் என்ற மென்பொருளின் இயல்பான அமைப்பில், 10 நிமிடங்களுக்குள் 5 தவறான முயற்சிகள் வந்தால் அந்த முகவரிக்கு 10 நிமிடத் தடை. பாஸ்வேர்டை மாற்றியதும், பழையதையே நினைவில் வைத்திருந்த கைப்பேசிகள் விடாமல் அதையே அனுப்பிக்கொண்டிருந்தன. அவற்றின் தவறான முயற்சிகளுக்கு அலுவலகம் முழுவதும் தண்டனை அனுபவித்தது. தடை விலகும், அவை மறுபடி முயலும், தடை திரும்பும். வந்து வந்து போனதற்கு அதுதான் காரணம். ஆகவே பாஸ்வேர்டை மாற்றச் சொன்னால் உடனே மாற்றிவிடாதீர்கள். அந்தப் பாஸ்வேர்டு எங்கெங்கே பதிந்திருக்கிறது என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசி, நகலெடுப்பு இயந்திரம், தானாக அறிக்கை அனுப்பும் மென்பொருள் எதையும் விடாதீர்கள். அவை எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாற்றுங்கள், பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து புதியதைப் போடுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது செலவே இல்லாத ஒரு சோதனை. புதிய கணினி ஒன்றை அலுவலக இணைப்பிலிருந்து கழற்றி, கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். உடனே மின்னஞ்சல் வந்தது. அதாவது அலுவலக முகவரிக்குத்தான் தடை. அடுத்து ஒரு விண்டோஸ் 7 கணினியை அதே ஹாட்ஸ்பாட்டில் இணைத்தேன். வரவில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்த இரண்டு கோளாறுகள் அப்போதுதான் தனித்தனியாகப் பிரிந்தன. பழைய கணினி எந்த வழியாகப் போனாலும் சர்வரோடு பேச முடியவில்லை என்றால் குற்றம் வழியில் இல்லை. ரௌட்டர் வாங்கும் முன் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. வந்து பார்த்த தொழில்நுட்பப் பணியாளர் "ரௌட்டர் பழசாகிவிட்டது சார்" என்றார், வாங்கினோம், எதுவும் மாறவில்லை.

அதே பணியாளர் எக்ஸ்பி கணினியில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் கணக்கை முழுவதுமாக அழித்துவிட்டு, விண்டோஸையும் புதிதாகப் போட்டார். இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அந்தக் கணினி, கடிதங்களைச் சர்வரிலிருந்து தனக்குள் இறக்கிக்கொள்ளும் பாப் என்ற முறையில் அவற்றை எடுத்துக்கொண்டிருந்தது. சர்வரில் ஒரு பிரதியை வைத்திருக்கும்படி குறிப்பாகச் சொல்லாவிட்டால், பாப் முறையில் கடிதம் கணினிக்கு இறங்கியதும் சர்வரிலிருந்து போய்விடும். ஆக, உலகத்திலேயே அந்தக் கடிதங்கள் இருந்த ஒரே இடம் அந்த வன்தட்டுதான். ஒரு வாடிக்கையாளர் விலையை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதமும் அதோடு போயிற்று. பிறகு அவரோடு தகராறு வந்தபோது காட்ட எங்களிடம் எதுவும் இல்லை, பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்து முடித்தோம். ரௌட்டருக்குக் கொடுத்ததை விட அது பெரிய தொகை. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கோப்புறையையும் டி.பி.எக்ஸ். என்று முடியும் ஒரு கோப்பாக வைக்கிறது. அவுட்லுக் பாப் முறையில் பி.எஸ்.டி. என்று முடியும் கோப்பில் வைக்கிறது. பயனர் கோப்புறைக்குள், பெரும்பாலும் சாதாரணமாகக் கண்ணில் படாதபடி மறைந்த இடத்தில் இவை கிடக்கும். யார் வந்து கணினியைத் தொட்டாலும் சரி, அதற்கு முன் இவற்றைத் தேடி வேறொரு வட்டில் பிரதி எடுத்துவிடுங்கள். வருகிறவர் அவசரப்படுத்தினால் காத்திருக்கச் சொல்லுங்கள்.

அதன் பிறகு நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். எனக்கு முதலில் புரிந்தது, மின்னஞ்சல் வருவது ஒரே வேலை இல்லை, ஒன்றன் பின் ஒன்றாக நடக்கும் பல வேலைகள் என்பது. கணினி முதலில் சர்வரின் பெயரை எண் முகவரியாக மாற்றுகிறது. பிறகு சர்வரில் மின்னஞ்சலுக்கென்று இருக்கும் எண்ணிட்ட கதவை, அதாவது போர்ட்டைத் தட்டுகிறது. பிறகு, பேச்சை மற்றவர் படிக்க முடியாதபடி மாற்றும் குறியாக்க முறைகளில் இருவருக்கும் பொதுவானது எது என்று பேசி முடிவு செய்கிறது. பிறகு, தான் யார் என்பதற்குச் சர்வர் காட்டும் சான்றிதழைச் சரிபார்க்கிறது. பெயரும் பாஸ்வேர்டும் வருவது இவ்வளவும் முடிந்த பிறகுதான். நடுவில் எங்கே உடைந்தாலும் பல மென்பொருள்கள் பாஸ்வேர்டு பெட்டியைத்தான் காட்டுகின்றன. அதைப் பார்ப்பவர் பாஸ்வேர்டைச் சந்தேகிக்கிறார். பெட்டியை மூடிவிட்டு, விவரம் என்ற பொத்தானை அழுத்தி உள்ளே இருப்பதைப் படியுங்கள். எக்ஸ்பி கணினியில் பாஸ்வேர்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. சர்வர் எதிர்பாராத விதமாக இணைப்பைத் துண்டித்துவிட்டது என்றுதான் இருந்தது. அந்த ஒரு வரியில் முழுப் பதிலும் இருந்தது.

போர்ட் திறந்திருக்கிறதா என்று டெல்நெட் என்ற கட்டளை மூலம் பார்க்கலாம். கடிதங்களைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப் முறை என்றால் 143 அல்லது 993, பாப் என்றால் 110 அல்லது 995, அனுப்புவதற்கு 587 அல்லது 465. 143, 110, 587 ஆகியவற்றில் போர்ட் திறந்திருந்தால் சர்வர் உடனே ஒரு வரவேற்பு வரியை அனுப்பும். 993, 995, 465 ஆகியவற்றில் வெறும் கறுப்புத் திரைதான் வரும், எழுத்து எதுவும் வராது. அதைக் கண்டு பயப்படாதீர்கள். அந்தப் போர்ட்டுகளில் முதல் வார்த்தையிலிருந்தே குறியாக்கம் தேவை என்பதால் சர்வர் காத்திருக்கிறது, அவ்வளவுதான். கறுப்புத் திரை வந்தால் கதவு திறந்திருக்கிறது என்று பொருள். எங்கள் பழைய கணினிகள் அத்தனையிலும் கறுப்புத் திரை வந்தது. பெயரில் பிழையில்லை, போர்ட்டில் பிழையில்லை. உடைந்தது அதற்கு அடுத்த படியில்.

குறியாக்கத்தைப் பேசி முடிவு செய்யும் அந்தப் படியின் பெயர் டி.எல்.எஸ். இதன் 1.0 பதிப்பு 1999இல் வந்தது, 1.1 பதிப்பு 2006இல், 1.2 பதிப்பு 2008இல், 1.3 பதிப்பு 2018இல். 2021 மார்ச்சில் முதல் இரண்டு பதிப்புகளையும் இனிப் பயன்படுத்தக் கூடாது என்று இணையத் தர அமைப்பே அறிவித்துவிட்டது. அவற்றில் பலவீனங்கள் இருப்பதால் அது நியாயமான முடிவுதான். ஆனால் 2001இல் வந்த எக்ஸ்பிக்கு, அதனோடு வரும் குறியாக்கப் பகுதியை வைத்து 1.0க்கு மேல் பேசத் தெரியாது. எங்கள் சேவை நிறுவனம் தன் சர்வரைப் புதுப்பித்தபோது 1.0, 1.1 இரண்டையும் மூடிவிட்டது. எல்லாம் உடைந்த அந்தக் காலைக்கு முந்தைய இரவுதான் அது நடந்திருக்கிறது. மீண்டும் தொலைபேசியில் அழைத்து, "எந்த டி.எல்.எஸ். பதிப்பிலிருந்து ஏற்கிறீர்கள், எப்போது மாற்றினீர்கள்?" என்று நேராகக் கேட்டபோதுதான் இது வெளியே வந்தது. "மின்னஞ்சல் வரவில்லை" என்று மட்டும் நான் சொன்னபோது முதல் நிலை ஊழியர் பாஸ்வேர்டைத் தாண்டவில்லை. இந்தக் கேள்வியைக் கேட்டதும் அழைப்பை உள்ளே இருக்கும் வேறொருவருக்கு மாற்றினார்கள், அவர் இரண்டே நிமிடத்தில் உண்மையைச் சொன்னார்.

விண்டோஸ் 7க்குத் தீர்வு இருக்கிறது, அதுவும் எளிது. அந்த விண்டோஸுக்கு டி.எல்.எஸ். 1.2 தெரியும், ஆனால் தானாகப் பயன்படுத்தாதபடி அணைத்து வைத்திருக்கிறார்கள். முதலில் சர்வீஸ் பேக் 1 என்ற அப்டேட் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கேபி3140245 என்ற எண்ணுள்ள அப்டேட்டைப் போடுங்கள். பலர் இதோடு நின்றுவிட்டு, பயனில்லை என்று கைவிடுகிறார்கள். அந்த அப்டேட் வசதியைத்தான் தருகிறது, அதை இயக்கி வைப்பதில்லை. அதற்கென மைக்ரோசாஃப்ட் தந்திருக்கும் சிறிய சரிசெய்யும் கோப்பை ஓட்ட வேண்டும், அல்லது விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கையால் மதிப்புகளைச் சேர்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எஸ்-சேனல் என்ற குறியாக்கப் பகுதிக்குள் டி.எல்.எஸ். 1.2இன் கிளையன்ட் பிரிவில் DisabledByDefault (இயல்பாக அணைந்திருக்கும்) என்ற மதிப்பை 0 ஆக்கிவிட்டுக் கணினியை அணைத்துப் போட வேண்டும். ரெஜிஸ்ட்ரியைத் தொடும் முன் அதையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கணினி திரும்ப ஏறியதும், அத்தனை நாள் வராத கடிதங்கள் மளமளவென்று இறங்கியதைப் பார்த்து நான் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். பாஸ்வேர்டு பெட்டி அதன் பிறகு வரவே இல்லை.

எக்ஸ்பியின் கதை வேறு. அதன் குறியாக்கப் பகுதி 1.0இல் நிற்பது மட்டுமில்லை, இன்றைய சர்வர்கள் எதிர்பார்க்கும் ஏ.இ.எஸ். என்ற குறியாக்க முறையும் அதற்குத் தெரியாது. ஒரே சர்வரில் பல நிறுவனங்களின் பெயர்கள் இருக்கும்போது தான் தேடி வந்தது எந்தப் பெயரை என்று முதலிலேயே சொல்லும் வழக்கமும் அதற்கு இல்லை. அதனால் டி.எல்.எஸ். ஒத்துப்போன இடத்திலும் வேறு யாருடைய சான்றிதழோ வந்து நிற்கும். அவுட்லுக் எக்ஸ்பிரஸை வைத்துக்கொண்டு இதற்கு விடிவே இல்லை. விண்டோஸின் குறியாக்கத்தை நம்பாமல் தன் குறியாக்கத்தையும் தன் சான்றிதழ் பட்டியலையும் தானே சுமந்து வரும் மென்பொருள்தான் தேவை. தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருள் அப்படிப்பட்டது. எக்ஸ்பியில் ஓடும் அதன் கடைசி வரிசை 52, அதற்கு டி.எல்.எஸ். 1.2 தெரியும். அதைப் போட்டதும் வேலை செய்தது. ஆனால் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, அந்தத் தண்டர்பேர்டுக்கும் இனித் திருத்தங்கள் வரப்போவதில்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் கடிதங்களை அந்தக் கணினியில் திறக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். இப்போது அது பில்லை அனுப்ப மட்டும்தான். வலைப்பின்னலிலும் மற்ற கணினிகளைத் தொட முடியாதபடி தனியாகப் பிரித்து வைத்திருக்கிறோம். இதைச் செய்யாமல் எக்ஸ்பியில் மின்னஞ்சல் பார்க்க வழி சொல்வது ஆபத்தை வீட்டுக்குள் அழைப்பதற்குச் சமம் என்பது என் உறுதியான கருத்து.

மேக்கில் பிரச்சினை குறியாக்கத்தில் இல்லை, சான்றிதழை நம்ப முடியாது என்று அது சொன்னது. இதற்கு இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று கடிகாரம். வயதான கணினிகளில் உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தால், மின்சாரம் போய் வரும்போது தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். அந்தத் தேதியில் இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை, கணினி அதை எப்படி நம்பும்? மேசைக் கணினிகள் பலவற்றில் இருப்பது காசு போலத் தட்டையான சி.ஆர். 2032 பேட்டரி, அதை மாற்றினால் போதும். எங்கள் மேக்கில் தேதி சரியாக இருந்தது. காரணம் இரண்டாவது. சர்வர் பயன்படுத்தியது லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவசச் சான்றிதழ். பழைய கருவிகள் அதை நம்புவதற்கு ஆதாரமாக இருந்த மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. மேக் ஓ.எஸ். 10.12.1க்கு முந்தையவற்றில் அதற்குப் பதிலான புதிய மூலச் சான்றிதழ் இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் தளத்திலிருந்து அதை வேறொரு நல்ல கணினியில் இறக்கி, மேக் தன் சான்றிதழ்களை வைக்கும் சாவிக்கொத்து (கீசெயின்) என்ற இடத்தில் சேர்த்து, நம்பலாம் என்று குறித்ததும் தீர்ந்தது. எச்சரிக்கை வரும்போதெல்லாம் தொடர்க என்று அழுத்திப் பழகுவது இதற்குத் தீர்வாகாது. உண்மையிலேயே யாராவது நடுவில் புகுந்து ஒட்டுக்கேட்டாலும் இதே எச்சரிக்கைதான் வரும், அன்றும் விரல் தானாக அழுத்திவிடும்.

நகலெடுப்பு இயந்திரத்துக்கும் டி.எல்.எஸ். 1.2 தெரியாது, அதன் மென்பொருளை மாற்றவும் வழியே இல்லை. அதற்காக ஓரமாகக் கிடந்த ஒரு கணினியில் லினக்ஸ் போட்டு, எஸ்-டனல் என்ற இலவச மென்பொருளை அமைத்தேன். பழைய கருவி அலுவலகத்துக்குள் இருக்கும் இந்தக் கணினியோடு சாதாரணமாகப் பேசும்; இது வெளியே உள்ள சர்வரோடு டி.எல்.எஸ். 1.2இல் பேசும். இதில் இரண்டு விஷயங்களில் மிகுந்த கவனம் வேண்டும். இயல்பான அமைப்பில் எஸ்-டனல் சர்வரின் சான்றிதழைச் சரிபார்ப்பதில்லை, அதைச் சரிபார்க்கும்படி நாம்தான் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். இன்னொன்று, அலுவலகத்துக்குள் இருக்கும் முகவரியில் மட்டும் அது இணைப்புகளை ஏற்க வேண்டும், இணையத்திலிருந்து யாரும் அதை எட்டக் கூடாது. அலுவலகத்துக்குள் அந்தச் சிறிய தூரத்தில் பாஸ்வேர்டு குறியாக்கம் இல்லாமல் போகிறது என்பதால், அனுப்புவதற்கு மட்டும் உரிய தனிக் கணக்கு ஒன்றை அதற்குக் கொடுத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த பிறகு பொது முகவரி மட்டும் சில மேசைகளில் திணறியது. ஐமேப்பில் தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு இயல்பாக 5 இணைப்புகள் வரை திறந்து வைத்துக்கொள்ளும். டவ்காட் என்ற சர்வர் மென்பொருள், ஒரு பயனருக்கு ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து இயல்பாக 10 இணைப்புகளைத்தான் அனுமதிக்கும். அலுவலகம் வெளியே ஒரே ஐ.பி. முகவரி என்பதால் மூன்றாவது கணினி திறக்கும்போது இடம் இல்லை. தண்டர்பேர்ட் அமைப்புகளில் சர்வர் பகுதியின் மேம்பட்ட விருப்பங்களுக்குப் போய் அந்த 5ஐ 1 அல்லது 2 ஆக்கினேன், அத்தோடு ஓய்ந்தது.

உங்கள் கணக்கு ஜிமெயிலிலோ மைக்ரோசாஃப்ட் 365இலோ இருந்தால் இன்னொரு தடையும் உண்டு. வெறும் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைவதைப் பெரும்பாலான ஜிமெயில் கணக்குகளுக்கு 2022 மே மாத இறுதியில் கூகுள் நிறுத்தியது; மைக்ரோசாஃப்ட் 2022 அக்டோபரிலிருந்து நிறுத்தத் தொடங்கியது. ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துகள் கொண்ட செயலிப் பாஸ்வேர்டு எடுத்துப் பழைய மென்பொருளில் போடலாம். மைக்ரோசாஃப்டில் பாப், ஐமேப்புக்கு அந்த வழி இல்லை, புதிய உள்நுழைவு முறை தெரிந்த மென்பொருள்தான் வேண்டும்.

கடைசியாக, சர்வர் மாற்றம் பற்றி ஏன் முன்பே சொல்லவில்லை என்று சேவை நிறுவனத்தைக் கேட்டேன். அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டுப் போன ஒருவரின் முகவரிக்கு, அதுவும் அதே சர்வரில் இருக்கும் முகவரிக்கு. உங்கள் சேவைக் கணக்கில் உள்நுழைந்து, தொடர்பு முகவரி யாருடையது என்று இன்றே பாருங்கள். அது வேறொரு சேவையில் இருக்கும் முகவரியாகவும், தினமும் ஒருவர் திறந்து பார்ப்பதாகவும் இருக்கட்டும்.